தொட்ட மந்திரி

மார்ச் 3

நூலாசிரியர் அவர்களுக்கு,

உங்கள் 'சதுரங்கம்: முதல் பாடங்கள்' கைப்பிரதி கிடைத்தது. எங்கள் முதலாளி அம்மா ஒரே மூச்சில் படித்துவிட்டு, "எழுதினவர் சரியான முசுடு. ஆனா சொல்லிக்கொடுக்கத் தெரியுது" என்று என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். தொடக்கநிலை நூல்கள் எல்லாம் இப்போது என் பொறுப்பு. அடியில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து நீங்கள் துள்ளுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், நான்தான். உங்கள் தங்கையின் கணவன். நீங்கள் வராத கல்யாணத்தின் மாப்பிள்ளை. உங்கள் பெயரைக் கண்டதும் வேறு யார் தலையிலாவது கட்டப் பார்த்தேன். இங்கே இருப்பது மூன்று பேர். ஒருவர் கணக்கு, ஒருவர் அட்டைப்படம், மீதி நான்.

புத்தகத்தை வெளியிடலாம். ஆனால் திருத்தங்கள் வேண்டும்.

முதல் வரி: 'இந்த விளையாட்டைக் கற்பதற்கு முன், உங்களுக்கு நண்பர்கள் தேவையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.' இப்படித் தொடங்கினால் வாங்க வந்தவன் கடை வாசலிலேயே திரும்பிவிடுவான். பிறகு, நீங்கள் 'கோட்டை' என்று எழுதியதை எல்லாம் 'யானை' என்று மாற்றுகிறேன். எங்கள் வாசகர்களுக்கு யானைதான் பழக்கம். சிப்பாய் பற்றிய பக்கத்தில் இரண்டு பத்தி எதற்கு? சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்தால் ராணியாகலாம் என்பது விதி. 'ஆனால் நடைமுறையில் அந்தப் பதவி நிர்வாகக் குழுவின் மருமகனுக்கே கிடைக்கிறது' என்பது விதி அல்ல, உங்கள் பள்ளிக்கூடத்துக் கதை.

கடைசியாக, நான்காம் அத்தியாயம் முழுவதும் போக வேண்டும். தொட்ட காயை ஆட வேண்டும் என்பதை மூன்று வரியில் சொல்லலாம். மீதிப் பக்கங்களில் வரும் 'மீசை முளைக்காத அச்சகத்து ஆள்' யார் என்று வாசகருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பதிலை எதிர்பார்க்க வேண்டிய வேலையில் இருக்கும்,
பதிப்பாசிரியர்

மார்ச் 10

பதிப்பாசிரியருக்கு,

உறவுமுறை எழுத வேண்டிய இடத்தில் பதவியை எழுதியிருக்கிறேன். என் பேனாவுக்கு அவ்வளவுதான் வரும்.

ஏழு வருடம் எழுதிய புத்தகம். பல பதிப்பகங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பின. கடைசியில் ஒரு கதவு திறந்தது என்று நிமிர்ந்தால், உள்ளே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பேய்க்குப் பயந்து சுடுகாட்டில் குடிபோனவன் கதைதான்.

முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். யானை, கோட்டை விவகாரத்தில் நான் இறங்கி வர மாட்டேன். சிப்பாய் பற்றிய பத்திகள் இருக்கும். அந்த மருமகன் இப்போது எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர். நான் பாடம் நடத்திய வகுப்பில் மூன்று வருடம் வாய்பாடு தெரியாமல் உட்கார்ந்திருந்தவன், இன்று காலையில் வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறான்.

நான்காம் அத்தியாயத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட விட மாட்டேன். 'தொடுவது' என்ற சொல்லை உங்களிடம் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன்.

அதில் எது பொய் என்று சொல்லுங்கள். நகர நூலகத்தின் மேல்மாடி. போட்டியின் இறுதி ஆட்டம். நான் வெள்ளை, நீங்கள் கறுப்பு. பார்வையாளர்களுக்காகச் சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தது. நாம் ஒவ்வொரு காயை ஆடும்போதும் என் தங்கை முக்காலியில் ஏறி அதில் அட்டைக் காயை மாற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். நான் குதிரையைத் தாவவிட்டு உங்கள் ராணியைத் தாக்கினேன். அதைக் கவனிக்காமல் நீங்கள் மந்திரியின் தலையில் விரலை வைத்தீர்கள். வைத்த பிறகுதான் ராணிக்கு ஆபத்து என்று உறைத்தது. கையை இழுத்துக்கொண்டீர்கள். மந்திரியை ஆட வேண்டி வந்திருந்தால் ராணி போயிருக்கும், ஆட்டமும் போயிருக்கும். "தொட்டாச்சு, ஆடு" என்றேன். "நான் தொடவே இல்லையே!" என்றீர்கள், பால் குடிக்கும் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

நடுவராக வந்தவர் நீச்சல் பயிற்சியாளர். குளத்துச் சுவரை யார் முதலில் தொட்டார்கள் என்பதில்தான் அவருக்குப் பழக்கம். அருகில் இருந்த ஒரே சாட்சி என்று என் தங்கையைக் கேட்டார். அவள் கேள்வியை விட்டுவிட்டு, சுவர்ப் பலகையைக் காட்டி வேறு ஏதோ சொல்லத் தொடங்கினாள். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. தொட்டானா, இல்லையா?" என்று நான் நினைவூட்டினேன். சாட்சியை அப்படித்தான் கேட்க வேண்டும். அவள் முக்காலியை விட்டு இறங்காமலே, "நான் பாக்கல" என்றாள். நடுவர் விசிலை ஊதி, ஆட்டம் தொடரட்டும் என்றார். அடுத்த வருடம் அவள் உங்களைக் கட்டிக்கொண்டாள். பார்க்காததற்குக் கிடைத்த பரிசு.

என் அத்தியாயம் சொல்வது இதுதான்: 'தொட்ட காயை ஆட வேண்டும். அந்தக் காய்க்கு விதிப்படி நகர இடமே இல்லாவிட்டால்தான் வேறு காயை ஆடலாம். இதைத் தவிர இந்த விதியில் இரக்கம் கிடையாது.' இதை ஒரு பிள்ளை படிக்கும்போது, விதியை மீறியவன் முகமும் அதற்குத் தெரிய வேண்டும்.

அத்தியாயத்தோடு வந்தால் புத்தகம், இல்லாவிட்டால் இல்லை.
நூலாசிரியர்

மார்ச் 17

நூலாசிரியருக்கு,

நான் தொடவில்லை. சட்டைக் கை பட்டிருக்கலாம். கால் நூற்றாண்டாக இதையே சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

எது பொய் என்று கேட்டீர்கள். எதை விட்டுவிட்டீர்கள் என்று நான் கேட்கிறேன். நீங்கள் தோற்றது மந்திரியால் அல்ல, கடிகாரத்தால். ஆட்டம் தொடரட்டும் என்று நடுவர் சொன்னதும் நான் ராணியை நகர்த்திவிட்டு உங்கள் கடிகாரத்தை ஓடவிட்டேன். நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு மாடிப்படிக்குப் போய், குடை வைக்க வந்த ஒரு பெரியவரைப் பிடித்து வைத்துக்கொண்டு நியாயம் பேசினீர்கள். உங்கள் நேரம் தீரும் வரை பேசினீர்கள். அந்தப் பெரியவரின் பொறுமைக்குத்தான் கோப்பையைக் கொடுத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. முதலாளி அம்மாவின் அப்பா காலத்திலிருந்து வருகிறது. ஒரு தொடக்கநிலை நூலில் செய் என்று சொன்னதை எல்லாம் நாங்கள் செய்து பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகும். தையல் புத்தகம் என்றால் தைப்போம். சென்ற வருடம் உடற்பயிற்சிப் புத்தகம். பத்தொன்பதாம் பக்கத்தில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அந்தப் பக்கத்தைத் திருத்தினோம். ஆக, அன்றைக்குப் பிறகு ஒரு காயைக்கூடக் கையில் எடுக்காத நான், உங்களால் பொம்மைக் கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பலகை வாங்க வேண்டியதாயிற்று. "பேரனுக்கா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். இதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

இரண்டு அத்தியாயம் முடித்துவிட்டேன். ஒவ்வொரு படத்தையும் பலகையில் அடுக்கி, சொன்னபடி நகர்த்திப் பார்க்கிறேன். குதிரையைப் பற்றிய பக்கம் நன்றாக இருக்கிறது. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ஆனால் என் பேச்சு மாறாது. முடிவை முதலாளி அம்மா என்னிடம் விட்டிருக்கிறார். ஏப்ரல் கடைசியில் அச்சு இயந்திரம் காலியாகிறது. நான்காம் அத்தியாயம் இல்லாத கைப்பிரதி அதற்குள் வராவிட்டால், உங்கள் இடத்தில் 'வீட்டில் மீன் தொட்டி' அச்சாகும்.

உங்கள் தங்கையிடம் அத்தியாயத்தை நான் காட்டவில்லை. அவள் கண்ணாடிக் கடையில் நாள் முழுவதும் அடுத்தவர் கண்ணைச் சோதித்துவிட்டு அலுத்து வருகிறாள். இதையும் ஏன் பார்க்க வேண்டும்?

மீன்களோடு காத்திருக்கும்,
பதிப்பாசிரியர்

மார்ச் 24

பதிப்பாசிரியருக்கு,

மீன் தொட்டிப் புத்தகத்தை எப்படிச் சோதிப்பீர்கள்? உள்ளே இறங்கிப் பார்ப்பீர்களா? இறங்குங்கள். தண்ணீர் சட்டைக் கையில் மட்டும்தான் பட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சட்டைக் கையாம். அன்று நீங்கள் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. பழுப்பு நிறம், பையில் மைக்கறை. நான் மறந்திருப்பேன் என்று நினைத்தீர்களா? மறப்பது உங்களை மாதிரி வசதியானவர்களுக்கு.

ஆமாம், நான் எழுந்து போனேன். பொய் சொல்கிறவனுக்கு எதிரே உட்கார்ந்து ஆடுவது எனக்கு முடியாத காரியம். அடுத்த நகர்த்தலில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தவனும் இல்லை. அந்தப் பலகையை அதன் பிறகு நான் ஒருமுறைகூட அடுக்கிப் பார்த்ததில்லை. நான்காம் அத்தியாயத்தின் படத்தை நினைவிலிருந்து வரைந்தேன். விதி என்றால் விதி. யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று பார்ப்பது வியாபாரிகளின் வேலை.

என் மனைவி உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "சதுரங்கத்துல அறுபத்துநாலு கட்டம்னு புத்தகத்துல எழுதியிருக்கீங்க. உங்க மனசுல ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் ஒரு மந்திரி நிக்கிறான்" என்கிறாள். வீட்டிலேயே எனக்கு ஆள் கிடையாது. தங்கை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தொலைபேசியில் கூப்பிடும்போது, நான் குளிப்பதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். மனைவி அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் நிஜமாகவே போய்க் குளித்துவிடலாம்.

அத்தியாயத்தை அவளிடம் காட்டவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். காட்டுங்கள். கண்ணைச் சோதிக்கிறவளாமே, இந்த எழுத்தைப் படிக்கட்டும். மூன்றடி தூரத்தில் நடந்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னவள், அடுத்தவருக்கு எந்தத் தைரியத்தில் கண்ணாடி கொடுக்கிறாள்?

என் நிபந்தனை பழையதுதான். புத்தகம் முழுதாக வரும், அல்லது என் அலமாரியில் கிடக்கும். பழைய பேப்பர் வாங்குகிறவன் மாதம் ஒருமுறை எங்கள் தெருவுக்கு வருகிறான். உங்களைவிட மரியாதையாகப் பேசுகிறான்.

இறங்கி வராத,
நூலாசிரியர்

ஏப்ரல் 2

நூலாசிரியருக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நேற்று உணவு இடைவேளையில் மூன்றாம் அத்தியாயத்தை முடித்தேன். 'கட்டுண்ட காய்.' உங்கள் வரிகளையே தருகிறேன்: 'தன் ராஜாவுக்கும் எதிரியின் யானைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காய், முளையில் கட்டிய மாடு. அது விலகினால் ராஜாவுக்கு அடி விழும், ஆகவே விதி அதை விலக விடாது. அதுவும் மந்திரியாக இருந்தால் பாவம். அதற்கு மூலைவாட்டில் மட்டும்தான் போகத் தெரியும். நேர்வரிசையில் கட்டுண்ட மந்திரிக்கு நகர ஒரு கட்டம்கூட இல்லை.' ('கோட்டை' என்று இருந்ததை யானை ஆக்கியிருக்கிறேன்.) அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு தடவை படித்தேன், புரிந்துவிட்டது.

பிறகு நான்காம் அத்தியாயத்தின் படத்தைப் பலகையில் அடுக்கினேன். நீக்கப் போகிற அத்தியாயம்தான், இருந்தாலும் வழக்கத்தை மீறக் கூடாது. உங்கள் சொல்படி நான் அந்த மந்திரியை ஆடியிருந்தால் என் ராணி எப்படிப் போயிருக்கும் என்று பார்க்க, அதை நகர்த்தப் போனேன்.

நகர்த்த முடியவில்லை.

நீங்களும் அடுக்குங்கள். கறுப்பு ராஜா தன் சொந்தக் கட்டத்தில் நிற்கிறது. அதற்கு முன்கட்டத்தில் மந்திரி. அதே நேர்வரிசையில், பலகையின் மறுகோடியில், உங்கள் யானை. இரண்டுக்கும் நடுவே மறைப்பாக நின்றது ஒரே ஒரு காய், உங்கள் குதிரை. அந்தக் குதிரையைத்தான் என் ராணியைத் தாக்குவதற்காக நீங்கள் தாவவிட்டீர்கள். குதிரை போனது, யானைக்கு வழி திறந்தது. என் மந்திரியைக் கட்டிப்போட்டது நீங்கள்தான், வாத்தியாரே. உங்கள் கையால்.

நகர இடமில்லாத காயைத் தொட்டால் வேறு எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று எழுதியதும் நீங்கள்தான். ஆக, நான் தொட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். விரலால் என்ன, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக் கொஞ்சினேன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ராணியை நகர்த்த எனக்கு உரிமை இருந்தது. நகர்த்தினேன். அடுத்த நகர்த்தலில் உங்கள் குதிரை அந்த மந்திரியைச் சும்மா தின்றிருக்கலாம். திருப்பி அடிக்க எனக்கு வழியே இல்லை. நீங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தீர்கள். மாடிப்படியில்.

இதற்காகக் கல்யாணத்துக்கு வரவில்லை. இதற்காக வருடக்கணக்கில் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அத்தியாயத்தை இப்போது நீக்கலாமா?
பதிப்பாசிரியர்

ஏப்ரல் 8

பதிப்பாசிரியருக்கு,

படம் தவறாக வரையப்பட்டிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தவறாக வரையப்படவில்லை. எங்கள் கூடத்தில் மேசைமேல் அடுக்கிவைத்து மூன்று நாள் அதைச் சுற்றி நடந்தேன். மனைவி சாப்பாட்டைத் தரையில் வைத்தாள். கோட்டை அங்கேதான் இருந்தது.

சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். உங்கள் கண்டுபிடிப்பு உங்கள் கழுத்துக்கே கயிறு. தொட்டிருந்தாலும் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை என்றால், "ஆமா, தொட்டேன், அதனால என்ன?" என்று சொல்லியிருக்கலாமே? ஏன் மறுத்தீர்கள்? லாபத்துக்காகப் பொய் சொல்கிறவனை எனக்குப் புரியும். நீங்கள் சும்மா பொய் சொன்னீர்கள். ஆட்டம் தெரியாமல் பொய் சொன்னீர்கள். இத்தனை வருடம் உங்களை அயோக்கியன் என்று மட்டும் நினைத்திருந்தேன். கூடவே முட்டாளும் என்று இப்போது தெரிகிறது.

கைப்பிரதியைத் திருப்பி அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது. புத்தகம் வேண்டாம். மீன்கள் நீந்தட்டும்.

நூலாசிரியர்

ஏப்ரல் 16

மச்சான்,

கைப்பிரதியை அனுப்பவில்லை. காரணம் கீழே.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். தொட்டேன். ஆள்காட்டி விரல், மந்திரியின் தலை. சட்டை அரைக்கைதான். மைக்கறையும் சரி. ஏதோ தவறு என்று உறுத்தியது, கையை இழுத்தேன். அது என்ன தவறு என்று கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் மண்டபம் அதிரக் கத்தினீர்கள். அதன் பிறகு எனக்குப் பலகை தெரியவில்லை, உங்கள் வாய்தான் தெரிந்தது. உங்கள் தங்கை பார்க்க, மண்டபமே பார்க்க, "இல்லை" என்று வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னதைப் பிறகு காப்பாற்ற வேண்டியிருந்தது. நீங்கள் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புகார்.

இரண்டாவது. அத்தியாயத்தை அவளிடம் காட்டச் சொன்னீர்கள், காட்டினேன். கடையில் இருந்து வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் நின்றபடியே படித்தாள். 'வேறு ஏதோ சொல்லத் தொடங்கினாள்' என்ற வரியில் நின்றுவிட்டாள்.

"இந்த இடத்துல நான் சொன்னதைப் போடலையே."

"நீ என்ன சொன்னே?"

"சொல்ல விட்டாத்தானே? அந்த மந்திரி நகரவே முடியாது, கட்டுப்பட்டிருக்குன்னு சொல்ல வந்தேன். பெரிய பலகையில காய் மாட்டினது நான்தானே? குதிரையை எடுத்து அந்தப் பக்கம் மாட்டினதுமே யானைக்கும் ராஜாவுக்கும் நடுவுல மந்திரி மட்டும் நிக்கிறது பளிச்சுன்னு தெரிஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் விரலைப் பாத்துட்டிருந்தீங்க. நான் பலகையைப் பாத்துட்டிருந்தேன். விரலை நிஜமாவே பாக்கல. அதைத்தான் சொன்னேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட? கல்யாணமான புதுசுல உங்ககிட்ட ஆரம்பிச்சேன். 'இந்த வீட்டுல அந்த விளையாட்டுப் பேச்சே கூடாது'ன்னீங்க. சரி, அண்ணன்கிட்ட சொல்லலாம்னு போன் பண்ணா, அண்ணி எடுத்து 'அவர் குளிக்கிறார்'ங்கிறாங்க. ஒரு மனுஷன் எவ்வளவு நேரந்தான் குளிப்பான்? தோல் உரிஞ்சுடாது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பிரதியைக் கொடுக்காமல் மாடத்தில் வைத்துவிட்டாள். இப்போது அது அவள் பொறுப்பில் இருக்கிறது. என்னாலும் எடுக்க முடியாது.

"அத்தியாயம் இருக்கட்டும்" என்கிறாள். "நீங்க தொட்டது, இல்லைன்னு சொன்னது, அண்ணன் கத்தினது எல்லாம் இருக்கட்டும். ஆனா அந்த வரியை அண்ணன் முடிச்சுக் கொடுக்கணும். நான் சொல்ல வந்ததை முழுசா சொல்ல விட்டா புத்தகம் வரட்டும். இல்லேன்னா மீனே வரட்டும். எனக்கு மீனும் பிடிக்கும்."

எனக்கு அத்தியாயம் வேண்டாம், உங்களுக்கு இந்த வரி வேண்டாம். இரண்டு பேர் பேச்சும் எடுபடாது என்று நினைக்கிறேன். ஏப்ரல் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

பதிப்பாசிரியர் என்று இதில் கையெழுத்திட எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று தெரியாத,
அவள் வீட்டுக்காரர்

ஏப்ரல் 23

மாப்பிள்ளைக்கு,

இந்தச் சொல்லைப் பார்த்து மகிழ வேண்டாம். பதிப்பாசிரியர் என்று எழுதினால் உறை அலுவலகத்துக்குப் போய்விடும். இது வீட்டுக்குப் போக வேண்டியது.

நான்காம் அத்தியாயத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் தொட்டது இருக்கிறது. நீங்கள் மறுத்தது இருக்கிறது. 'மீசை முளைக்காத' என்பதும் இருக்கிறது. அது வரலாற்று உண்மை. மாறியிருப்பது ஒரே ஓர் இடம்:

'நடுவர் சாட்சியைக் கேட்டார். சாட்சி பலகையைக் காட்டி, "அந்த மந்திரி நகர முடியாது, கட்டுப்பட்டிருக்கு" என்றாள். ஆடிய இருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவள் சொன்னது சரி. இந்த நிலையில் கறுப்பு எதை வேண்டுமானாலும் ஆடலாம். வாசகர் இதைத் தம் பலகையில் அடுக்கிப் பார்க்கவும். அதன் பிறகே வாயைத் திறக்கவும்.'

அவள் அன்று அதைச் சொல்லி முடித்ததுபோல் எழுதியிருக்கிறேன். என் புத்தகத்தில் இருக்கும் ஒரே பொய் இதுதான். அதை என்னை எழுத வைத்தவள் என் தங்கை. உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

யானை என்றே போட்டுக்கொள்ளுங்கள். அவளும் யானை என்றுதான் சொல்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் பார்த்தேன். சிப்பாய் பற்றிய பத்திகளைத் தொட்டால் முதலாளி அம்மாவுக்கு நேரடியாக எழுதுவேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. ராணிக்காக இல்லை, கோப்பைக்காக இல்லை. ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்திலிருந்து என்னை எழுந்து போக வைத்தீர்கள். நான் கத்தியதால்தான் பொய் வந்தது என்கிறீர்கள். பொய்யைப் பார்த்துத்தான் இன்னும் கத்தினேன் என்கிறேன் நான். இதைச் சாகும் வரை பேசலாம், எனக்கு அவசரமில்லை.

அந்த வரியில் அவள் சொல்ல வந்த சொற்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ள அவள் கடைக்குத் தொலைபேசி செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. யாரையோ கண் சோதிக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடி வரி தெரியவில்லை என்று ஒருவர் முனகுவது எனக்கும் கேட்டது.

"யாரு?"

"நான்தான்."

வாடிக்கையாளரைப் பொறுக்கச் சொன்னாள். பிறகு, "குளிச்சு முடிச்சாச்சா?" என்றாள்.

வரியைப் படித்துக் காட்டினேன். சரி என்றாள். உடனே, அன்றைக்கு மண்டபத்தில் இருந்த சூழ்நிலையையும், சாட்சியை விசாரிப்பதில் உள்ள முறைகளையும் அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். அவள் விடவில்லை.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு, அண்ணா. புத்தகம் அச்சாகி வர்ற அன்னைக்கு எங்க வீட்டுக்கு வர்றியா, இல்லையா?"

அவளுடைய வாடிக்கையாளர் காத்திருந்தார். என் மனைவி கதவோரத்தில் ஈரக்கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் எனக்கு எந்த நாள் விடுப்பு என்று நான் பார்க்கவில்லை என்றேன்.

"நான் பாக்கல," என்று அவள் திருப்பிச் சொன்னாள். "நல்ல பதில். எனக்குத் தெரிஞ்ச பதில்." வைத்துவிட்டாள்.

இப்போது பார்த்துவிட்டேன். புத்தகம் வரும் வாரம் சனிக்கிழமை விடுப்பு. இதை அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், கடிதத்தில் இருந்தது என்று சொன்னால் போதும். மனைவியும் வருவாள். உங்கள் பிளாஸ்டிக் பலகையை அடுக்கி வையுங்கள். வெள்ளை எனக்கு. அவள் பலகைக்குப் பக்கத்தில் உட்காரட்டும். நீங்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஆட மாட்டேன்.

தொட்ட காயை ஆட வேண்டும்.

நூலாசிரியர்